கஷ்டத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கே கவுன்சில் காசு

லண்டனில் மூலைக்கடை நடத்துகிறவனுக்குத் தெருவின் வீட்டுக்கணக்கு பாதி தெரிந்துவிடும். நாங்கள் துருவிக் கேட்பதில்லை, அது தானாகவே கவுண்டருக்கு வந்து சேரும். யார் மாதம் பிறந்ததும் கரண்ட் திறப்பில் மொத்தமாகக் காசு ஏற்றுகிறார், யார் ஐந்து ஐந்து பவுணாகப் போடுகிறார், யார் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு "குறைஞ்சது எவ்வளவு போடலாம்?" என்று கேட்கிறார், எல்லாம் தெரியும்.

சில வருடங்களாக இன்னொன்றும் வருகிறது. கவுன்சில் வவுச்சர். ஃபோனில் ஒரு குறுஞ்செய்தி, இல்லாவிட்டால் கடிதத்தில் ஒரு பார்கோட். ஸ்கான் பண்ணினால் சிலது மீற்றருக்குப் போகும், சிலதுக்குக் கையில் காசாகவே எண்ணிக் கொடுப்போம். ஃபோன் கண்ணாடி உடைந்திருந்தால் மெஷின் கோட்டைப் படிக்காது. பின்னால் வரிசை நிற்கும். வந்தவர் வெட்கத்தில் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார். அந்த நேரத்தில் நாங்கள் முகத்தைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

எங்கள் கடையைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் வவுச்சரோடு வருகிற தமிழ் முகம் அபூர்வம். எங்கட ஆக்களுக்குத் தேவை இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வழக்கமாகப் பாலும் பாணும் வாங்குகிற ஒரு அக்கா பேச்சுவாக்கில் சொன்னா: "வவுச்சர் வந்தா நான் பஸ் எடுத்துத் தள்ளிப் போய்த்தான் மாத்திறனான். உங்கட கடையில மாத்தினா வெள்ளிக்கிழமை கோயில்ல கதை வந்திடும்." கோபிக்க முடியவில்லை. வரத்தான் செய்யும்.

அந்த அக்காவாவது வவுச்சர் எடுத்தவ. எடுக்கவே போகாதவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் இது என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன். யூனிவர்சல் கிரெடிட் வேறு, இது வேறு. யூனிவர்சல் கிரெடிட் மத்திய அரசின் கொடுப்பனவு. சட்டத்தில் எழுதியிருக்கும் தகுதி இருந்தால் கிடைத்தாக வேண்டும். நான் சொல்வது, திடீரென்று கை முட்டுப்பட்டால் உங்கள் உள்ளூர் கவுன்சில் கொடுக்கும் அவசர உதவி. மீற்றரில் காசில்லை, வீட்டில் சாப்பாடில்லை, பிரிட்ஜ் பழுது, குளிர்காலத்தில் பொயிலர் நின்றுவிட்டது, அடித்த கணவனை விட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி வெறும் வீட்டுக்குள் நிற்கிறார்: இப்படியான நேரத்துக்கு. இங்கிலாந்தில் இதற்கு ஒரே பெயர்கூடக் கிடையாது. ஒரு கவுன்சில் 'லோக்கல் வெல்ஃபெயர் அசிஸ்டன்ஸ்' என்னும், பக்கத்துக் கவுன்சில் 'ரெசிடென்ட் சப்போர்ட்' என்னும், இன்னொன்று 'கிரைசிஸ்' என்று ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். தேடுகிறவருக்குப் பெயரே தெரியாமல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் மூத்தவர்கள் பலருக்கு இதில் ஒரு பழைய பயம் உண்டு. "கவுன்சில் காசு எடுத்தால் பிறகு கிழமைக்குக் கிழமை வெட்டுவாங்கள்" என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1988இல் தொடங்கிய 'சோஷல் ஃபண்ட்' என்று ஒன்று இருந்தது. அதில் 'கிரைசிஸ் லோன்' தருவார்கள். பெயரிலேயே லோன் இருக்கிறதே, பிறகு பெனிபிட்டிலிருந்து வெட்டித்தான் எடுப்பார்கள். 90களில் வந்து இறங்கியவர்களுக்கு அதுதான் மனதில் நிற்கிறது. அந்த லோனையும், வீட்டுச் சாமான் வாங்கத் தந்த 'கம்யூனிட்டி கெயார் கிராண்ட்'டையும் 2013 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். இன்று கவுன்சில் தருவது பெரும்பாலும் கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. பின்னால் நான் சொல்லப்போகும் 'ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்' என்ற கவுன்சில் நிதியில் எடுத்த காசுக்காக யூனிவர்சல் கிரெடிட்டைக் குறைத்ததும் இல்லை. கடனாக வருவது வேறு: யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் காசு வர ஐந்து கிழமை ஆகும், அதற்கு முன் தருகிற 'அட்வான்ஸ்', பிறகு கேட்கக்கூடிய 'பட்ஜெற்றிங் அட்வான்ஸ்'. இரண்டையும் மாதக் காசிலிருந்து வெட்டுவார்கள். ஜொப்சென்டர் தருகிற அட்வான்ஸ் கடன், கவுன்சில் தருவது பெரும்பாலும் உதவி என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

2013இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய கூத்துக்கெல்லாம் அதுதான் வேர். இந்த நாட்டில் 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் தன் ஏழைகளைத் தானே பார்க்க வேண்டியிருந்தது. எந்தப் பங்கில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்தே கஞ்சி. 1948இல் தேசிய உதவிச் சட்டம் வந்து அதை முடித்துவைத்தது. வறுமைக்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோல் என்றார்கள். 2013இல் அவசர உதவியை மட்டும் திரும்பவும் ஊர்ப் பொறுப்பாக்கிவிட்டார்கள். இங்கிலாந்துக் கவுன்சில்களிடம் காசைக் கொடுத்தார்கள், ஆனால் அதை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் போனதும் தனியாகக் கொடுத்ததையும் நிறுத்திவிட்டு, பொது மானியத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னார்கள்.

அதே காலத்தில்தான் அந்தப் பொது மானியத்தையும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். முதியோர் பராமரிப்பும் பிள்ளைகள் பாதுகாப்பும் கவுன்சில் சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைகள். ஏழை வீட்டுக்குப் பிரிட்ஜ் வாங்கிக் கொடுப்பது அப்படியல்ல. கையில் காசு குறைந்தால் எது முதலில் போகும்? பல கவுன்சில்கள் திட்டத்தைச் சுருக்கின, சில மூடியேவிட்டன. குரொய்டன் 2020இலும் பர்மிங்காம் 2023இலும் வரவு செலவைச் சமாளிக்க முடியாது என்று '114' நோட்டீஸ் கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட கவுன்சிலிடம் போய், சட்டம் கட்டாயப்படுத்தாத உதவியைக் கேட்கிற நிலையில்தான் நாங்கள் இருக்கிறோம்.

இடையில் கொரோனா வந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் கிழமைக்கு 20 பவுண் கூட்டிக் கொடுத்தார்கள். 2021 ஒக்டோபரில் அதை நிறுத்திய அதே நாட்களில் 'ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்' என்று 500 மில்லியன் பவுணை ஒதுக்கினார்கள். அதில் 421 மில்லியன் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு. ஒரு குளிர்காலத்துக்கு என்று சொல்லித் தொடங்கியது, ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுபட்டது. பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நீட்டிப்பு அறிவிப்பு வரும். எந்தக் கவுன்சிலாலும் திட்டம் போட முடியாது. காசு வந்ததும் அவசரமாக இணையத்தில் விண்ணப்பத்தைத் திறப்பார்கள், நிரம்பியதும் மூடிவிடுவார்கள். பெரிய பங்கைப் பள்ளி விடுமுறைச் சாப்பாட்டு வவுச்சராகவே கொடுத்த கவுன்சில்கள் பல. பிள்ளைக்கு இலவசப் பள்ளிச் சாப்பாடு பதிவு செய்திருந்தால் கேட்காமலே வந்தது. பதிவு செய்யாதவர்களுக்கு அதுவும் இல்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம் ஆனதும், "அதுதான் எல்லாருக்கும் கிடைக்குதே, பிறகு என்னத்துக்குப் பதிவு" என்று எங்கட பெற்றோர் பலர் விட்டுவிட்டார்கள். பதிந்து வையுங்கள். பள்ளிக்கும் அதனால் மேலதிக நிதி வரும்.

2025 ஜூனில் அரசு அடுத்த அறிவிப்பைச் செய்தது: 2026 ஏப்ரலிலிருந்து ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டுக்குப் பதிலாக 'கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்', இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 842 மில்லியன் பவுண். ஆறு மாதக் கணக்கில்லாமல் பல வருடங்களுக்குச் சேர்த்துத் தருவது நல்ல விஷயம், அதை மனமாரச் சொல்லலாம். வாடகையில் துண்டு விழுந்தால் கவுன்சில் தருகிற 'டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட்'டும் இதற்குள்ளேயே சேர்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது இன்னும் உங்கள் கவுன்சில்தான். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், எதிர்ப்பக்கம் இன்னொரு கவுன்சில் என்றால், ஒரே கஷ்டத்துக்கு இரண்டு பதில் வரும்.

சரி, இனி விண்ணப்பத்துக்கு வருவோம். நான் எழுத நினைத்ததே இதைத்தான்.

கடை மூடிய பிறகு சிலருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவேன். பெரிய படிப்பில்லை, ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரியும், அவ்வளவுதான். அதில் "இந்த நிலை எப்படி வந்தது, இப்போது வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற மாதிரி ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். எங்கட ஆக்கள் என்ன எழுதச் சொல்வார்கள் தெரியுமா? "கொஞ்சம் கஷ்டம் எண்டு போடுங்கோ அண்ணை." வீட்டில் அரிசி முடிந்திருக்கும், தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கும், ஆளுக்கு ஆள் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். சொல்வது என்னவோ "கொஞ்சம் கஷ்டம்". ஊரில் அப்படித்தான் வளர்த்தார்கள். அடுப்பு எரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. அது மானம். ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிற அலுவலருக்கு உங்கள் மானம் தெரியாது. அவருக்கு முன்னால் நூறு விண்ணப்பம் இருக்கிறது, காசு ஐம்பது பேருக்குத்தான் காணும். கஷ்டத்தைத் தெளிவாகச் சொன்னவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆகவே இப்படி எழுதச் சொல்கிறேன். "கரண்ட் மீற்றரில் 1 பவுண் 20 பென்ஸ் இருக்கிறது. அவசரக் கிரெடிட்டும் எடுத்தாயிற்று. பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு ஆஸ்துமா. அடுத்த யூனிவர்சல் கிரெடிட் 14ஆம் திகதி. கணவருக்கு வேர்ஹவுசில் இந்த மாதம் வேலை மணித்தியாலம் தரவில்லை. யாரிடமும் இனிக் கடன் வாங்க முடியாது." இதில் ஒரு சொல் பொய்யில்லை, ஒப்பாரியும் இல்லை. என்ன இருக்கிறது, என்ன இல்லை, எத்தனை பேர், எந்த நாள்வரை என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

அடுத்தது வங்கிக் கூற்று. கடைசி ஒன்றிரண்டு மாதத்துக் கணக்கு முழுவதையும் கேட்பார்கள். இங்கேதான் எங்கள் சங்கதி சிக்கும். மாதா மாதம் ஒருவருக்கு 200 பவுண் போயிருக்கும். அலுவலர் பார்த்தால், கஷ்டம் என்கிறவரிடம் கொடுக்கக் காசு இருக்கிறதே என்று நினைப்பார். அது சீட்டுக் காசு. போன வருடமே சீட்டை எடுத்துவிட்டார், இப்போது கட்டி முடிக்கிறார். அல்லது ஊரில் அம்மாவுக்கு மருந்துக் காசு. அதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள், அந்தக் கதை உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

வாடகை விஷயமும் அப்படித்தான். தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை, கையில் காசு, ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது என்று இருக்கிற தமிழர் இந்த நகரத்தில் எத்தனையோ பேர். வாடகை உதவி கேட்கப் போனால் முதலில் ஒப்பந்தம் எங்கே என்பார்கள். வீட்டுக்கார அண்ணைமாருக்கும் ஒன்று: வரிக்குப் பயந்து ரசீது கொடுக்காமல் விடுவதால், உங்கள் வீட்டிலிருக்கும் பிள்ளைக்காரி உதவி கேட்கக்கூட முடியாமல் நிற்கிறாள்.

மீற்றரைப் பற்றிக் கடைக்காரனாக ஒரு தகவல். முற்பண மீற்றர் காசு முடிந்து நின்றாலும் நாளாந்த நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். பல நாள் இருட்டில் இருந்துவிட்டு வந்து பத்து பவுண் போட்டால் அதில் ஒரு பகுதியை மீற்றர் முதலில் விழுங்கிவிடும். "தம்பி, பத்துப் போட்டனான், ஏழுதான் காட்டுது, பிழையாப் போட்டுட்டியோ?" என்று திரும்பி வருவார்கள். கடையில் பிழையில்லை. ஆகவே வவுச்சர் கேட்கும்போது மீற்றரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவுன்சிலுக்கு முன்னால் மின்சாரக் கம்பனிக்கும் ஒரு ஃபோன் அடியுங்கள். வீட்டில் நோயாளியோ குழந்தையோ முதியவரோ இருந்து காசில்லாமல் நின்றால், முற்பண மீற்றர்க்காரருக்கு மேலதிகக் கிரெடிட் தர வேண்டும் என்று எரிசக்தி ஒழுங்குபடுத்துநரான ஒஃப்ஜெம் விதி வைத்திருக்கிறது. அது கடன்தான், ஆனால் அன்றிரவு வெளிச்சம் இருக்கும்.

விசாக் கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து, இவற்றில் ஒன்று இருந்தால் பொதுவாகப் பயப்படத் தேவையில்லை. கேட்பதால் அந்த அந்தஸ்து பறிபோகாது. விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று இருந்தால் கதை வேறு. கவுன்சிலின் இந்த நலன்புரிக் கொடுப்பனவும் பொது நிதிக் கணக்கில் வரும் என்பதால், ஆலோசனை கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். அதற்காக எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளோடு பட்டினியிலோ தெருவிலோ நிற்கிற நிலை வந்தால், 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கவுன்சிலின் சமூக சேவைப் பகுதி உதவலாம். அது பொது நிதியாகக் கருதப்படாது. உணவு வங்கிச் சாப்பாடும் அப்படியே. இலவச ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் இருக்கிறது, சட்ட மையங்கள் இருக்கின்றன. தெரிந்த அண்ணன் சொன்னார் என்று விசா விஷயத்தில் முடிவெடுக்காதீர்கள். நானும் அந்தத் தெரிந்த அண்ணன்தான், என்னையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. இந்த விண்ணப்பங்களைப் பல வீடுகளில் நிரப்புவது பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறந்து, எவ்வளவு கடன், யாருக்கு, அப்பா ஏன் காசு தருவதில்லை என்று கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டுகிறாள். தொலைபேசியில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்கிற கவுன்சில்கள் உண்டு. "தமிழ் இன்ரப்பிரிட்டர் வேணும்" என்று கேளுங்கள். நூலகத்தில் கணினி இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கும் நேரமும் போட்டிருப்பார்கள். பிள்ளையைக் கணக்காளர் ஆக்காதீர்கள்.

மறுத்தால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். கடிதத்தில் சொன்ன நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் இதற்கு நீதிமன்றம் மாதிரியான மேன்முறையீடு கிடையாது. கவுன்சில் நடைமுறையில் தவறிழைத்தால் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கவுன்சில் வரி நிலுவை கழுத்தை நெரித்தால், 1992ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவில் கவுன்சில் வரியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவின் இலக்கத்தைப் போட்டு எழுதினால், எழுதுகிறவருக்கு விஷயம் தெரியும் என்று கடிதம் படிக்கிறவருக்கும் விளங்கும்.

ஸ்கொட்லாந்தில் இப்படி அல்லாட வேண்டியதில்லை. 2013இல் அவர்களும் அதே காசைத்தான் வாங்கினார்கள். ஆனால் அப்போதே 'ஸ்கொட்டிஷ் வெல்ஃபெயர் ஃபண்ட்' என்று எல்லாக் கவுன்சிலுக்கும் பொதுவாக்கி, 2015இல் அதற்கு ஒரு சட்டமே போட்டார்கள். மறுத்தால் அங்குள்ள ஒம்புட்ஸ்மன் கோப்பைத் திரும்பப் படித்து முடிவையே மாற்றலாம். வேல்ஸும் நாடு முழுவதற்கும் ஒரே நிதியாக வைத்திருக்கிறது. காசு அங்கேயும் எல்லாருக்கும் காணாது, அது உண்மை. ஆனால் எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்று பார்த்து விதி மாறாது. இங்கிலாந்து மட்டும் 1601க்குப் பக்கத்தில் நிற்கிறது.

தேர்த் திருவிழாவுக்குக் கவுன்சிலர்மார் பொன்னாடை வாங்கிக்கொண்டு போக வருவார்கள். இந்த முறை வரும்போது, ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: அவசர உதவி நிதிக்கு நம் கவுன்சிலுக்கு எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு செலவழிந்தது, தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாவது அடித்தீர்களா? பதில் தெரியாவிட்டால் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, அன்றிரவே எழுதிப் போடுங்கள்.